சம்பளச் சீட்டும் ஒரு மருத்துவ ஆவணமே: வேலூர்–ஆம்பூர் தோல் தொழில் வட்டாரத்தில் மாணவர் குடும்பங்களின் உடல்நலமும் மனநலமும்

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் இராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டியே ஊர்கள் வரிசையாக வருகின்றன. உலகின் பல நாடுகளில் விற்பனையாகும் காலணிகளுக்கான தோலும் உழைப்பும் இங்கிருந்து செல்கின்றன. பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிர் நீக்கி, குரோமியக் கரைசலில் பதப்படுத்தும் ஈர வேலைகளைத் தலைமுறைகளாகச் செய்து வருபவர்கள் பெரும்பாலும் ஆதிதிராவிட மக்கள். ஷூ கம்பெனிகளின் தையல் வரிசைகளில் தலித் பெண்களும் உழைக்கும் இஸ்லாமியப் பெண்களும் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள். இக்குடும்பங்களின் பிள்ளைகள் இன்று வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி, வேலூர் ஊரீசு கல்லூரி, முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி போன்றவற்றில் பயில்கிறார்கள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் அவர்களுள் பலர்.

அக்குடும்பத்தில் ஒருவர் நோயுற்றால் முதலில் ஆட்டம் காண்பது படிப்புதான். அப்பாவின் மூச்சுத் திணறலுக்கோ அம்மாவின் அறுவை சிகிச்சைக்கோ வட்டிக்கு வாங்கிய பணம், அடுத்த பருவத்தின் கல்விக் கட்டணமாக இருந்த பணம். படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகலாமா என்று இரவெல்லாம் உறக்கமின்றி எண்ணும் மாணவியின் மனநிலையை அந்தக் கடனிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. ஆகவே குறைந்த செலவில் மருத்துவம், மனநல ஆதரவு என்னும் இரண்டையும் இக்கட்டுரை ஒன்றாகவே பார்க்கிறது. எந்தக் குடும்பத்துக்கு எந்தக் கதவு திறக்கும், அதற்கு எந்தத் தாள் வேண்டும், அந்தத் தாள் ஏன் பலர் கையில் இல்லை என்பனவே இங்கு நாம் விடை தேடும் கேள்விகள்.

ஒரே தொழில், மூன்று மாவட்டங்கள்

முதலில் நிர்வாக எல்லைகளைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 2019 நவம்பர் 28 முதல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகச் செயல்படுகிறது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ளன. இராணிப்பேட்டை, வாலாஜா, மேல்விஷாரம் ஆகியவை இராணிப்பேட்டை மாவட்டம். பேர்ணாம்பட்டும் குடியாத்தமும் வேலூர் மாவட்டத்திலேயே தொடர்கின்றன. தொழில் ஒன்றாக இருந்தாலும் மாவட்ட ஆட்சியர், காப்பீட்டு அட்டை வழங்கும் மையம், மாவட்ட மனநலத் திட்டம், சட்டப் பணிகள் ஆணைக்குழு எல்லாம் மூன்று. ஆம்பூரில் வசிக்கும் குடும்பம் வேலூர் ஆட்சியர் அலுவலக வரிசையில் ஒரு நாள் கூலியை இழந்துவிட்டு, திருப்பத்தூருக்குப் போகச் சொல்லித் திருப்பி அனுப்பப்படக் கூடாது. மனு எழுதும் முன் எந்த மாவட்டம் என்று பார்த்துக்கொள்வது சிறிய செய்தி போலத் தோன்றும். தினக்கூலிக் குடும்பத்துக்கு அது சிறியதன்று.

பத்தாயிரத்துக்கும் இருபத்தோராயிரத்துக்கும் இடையில்

தமிழ்நாட்டில் ஏழைக் குடும்பத்துக்கான மருத்துவப் பாதுகாப்பு இரண்டு பெரிய தூண்களில் நிற்கிறது. ஒன்று, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். மற்றொன்று, தொழிலாளர்களுக்கான இ.எஸ்.ஐ.

முதல் திட்டத்துக்குக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதத்துக்கு 10,000 ரூபாய். 2011-ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்புப் பட்டியலின் வழியாக மத்திய அரசின் திட்டத்தில் இடம்பெற்ற குடும்பங்களும் 2018 முதல் இதனோடு இணைக்கப்பட்டுள்ளன. இரண்டாவதான இ.எஸ்.ஐ., மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறும் தொழிலாளர்களுக்கு உரியது.

இவ்விரு எண்களுக்கும் இடையில்தான் தோல் தொழில் குடும்பங்களில் பெரும் பகுதி நிற்கிறது. ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். அப்பா தோல் பதனிடும் ஆலையில் மேஸ்திரியின் கீழ் ஒப்பந்தக் கூலி. அம்மா வீட்டிலேயே ஜோடிக் கணக்கில் ஷூவின் மேற்பகுதியைத் தைக்கிறார். இருவர் உழைப்பும் சேர்ந்து மாதம் 13,000 ரூபாய் வருகிறது. முறையான வருமானச் சான்று எடுத்தால் காப்பீட்டுத் திட்டத்தின் வரம்பைத் தாண்டிவிடுகிறார்கள். இ.எஸ்.ஐ. வரம்புக்குள் தாராளமாக வருகிறார்கள். ஆனால் அவர்கள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அரசின் கணக்கில் அவர்கள் காப்பீட்டுத் திட்டத்துக்கு வசதி மிகுந்தவர்கள். நிறுவனத்தின் கணக்கிலோ அவர்கள் இல்லவே இல்லை.

இந்த இடைவெளியை அடைக்கும் அதிகாரம் நடைமுறையில் வேலை கொடுப்பவர் கையில் இருக்கிறது. தொழிலாளியின் பெயரைப் பதிவுசெய்து, பங்களிப்பைச் செலுத்தி, சம்பளச் சீட்டு வழங்கினால் அக்குடும்பம் முழுவதற்கும் மருத்துவம் கிடைக்கும். மறுத்தால் அனைவருக்கும் மூடப்படும். மாணவர் நலம் பற்றிப் பேசுவோர் தொழிலாளர் உரிமையைப் பேசாமல் நகர முடியாததற்கு இதுவே காரணம்.

இ.எஸ்.ஐ. தருவது என்ன?

இ.எஸ்.ஐ. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. தொழிலாளியின் ஊதியத்திலிருந்து 0.75 விழுக்காடும், நிறுவனத்தின் பங்காக 3.25 விழுக்காடும் செலுத்தப்பட வேண்டும். மாதம் 12,000 ரூபாய் வாங்குபவரிடம் பிடிக்கப்படுவது 90 ரூபாய். நிறுவனம் கட்ட வேண்டியது 390 ரூபாய். பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் ஆலைகளுக்கு இது பொருந்தும். ஒப்பந்தக்காரர் வழியாக ஆலைக்குள் வேலைக்கு வருபவருக்கான பங்களிப்பைச் செலுத்தும் பொறுப்பு முதன்மை நிறுவனத்துக்கே உரியது. "நீ எங்கள் ஆள் இல்லை, மேஸ்திரியின் ஆள்" என்னும் பதில் சட்டத்தின் முன் நிற்காது.

இதன் பயனாளி தொழிலாளி மட்டுமல்லர். கணவன் அல்லது மனைவி, வயது வராத பிள்ளைகள், படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் 21 வயது வரை, திருமணமாகாத மகள், உடல் அல்லது மன ஊனத்தால் சார்ந்திருக்கும் பிள்ளை, குறைந்த வருமானமுடைய பெற்றோர் ஆகியோருக்கும் மருத்துவம் உண்டு. ஷூ கம்பெனியில் பணிபுரியும் தாயின் எண்ணிலேயே கணவரும் பிள்ளைகளும் சிகிச்சை பெறலாம். பல வீடுகளில் தாயின் அட்டையில் குடும்பத்தினர் பெயர் சேர்க்கப்படாமலே இருக்கிறது. அதை முதலில் சரிசெய்ய வேண்டும்.

21 வயது என்னும் வரம்பைக் கவனிக்க வேண்டும். முதுகலை படிக்கும் 22 வயது மகன் இத்திட்டத்திலிருந்து வெளியே வந்துவிடுகிறான். உயர்கல்விக்குச் செல்லும் முதல் தலைமுறை மாணவன், படிப்பைத் தொடர்ந்த காரணத்தாலேயே சம்பாதிக்கவும் இயலாமல் மருத்துவப் பாதுகாப்பையும் இழக்கிறான். படிப்பு முடியும் வரை இவ்வயது வரம்பை நீட்டுமாறு கோருவது மாணவர் அமைப்புகள் கையிலெடுக்க வேண்டிய கோரிக்கை.

மருத்துவத்தோடு ரொக்கப் பயன்களும் உண்டு. நோயால் வேலைக்குச் செல்ல இயலாத நாட்களுக்கு ஊதியத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாட்கள் வரை வழங்கப்படும். அதற்கு உரிய ஆறு மாதப் பருவத்தில் குறைந்தது 78 நாட்களுக்குப் பங்களிப்பு செலுத்தப்பட்டிருக்க வேண்டும். நாட்களைக் குறைத்துக் காட்டும் நிறுவனம் இந்த உரிமையைத்தான் பறிக்கிறது. காசநோய், புற்றுநோய் உள்ளிட்ட நீண்டகால நோய்களுக்கு 80 விழுக்காடு ஊதியத்துடன் கூடிய நீட்டித்த பயன் தனியாக இருக்கிறது. மனச்சிதைவு, கடும் மனச்சோர்வு போன்ற மனநோய்களும் அப்பட்டியலில் உள்ளன என்பது தொழிலாளர்கள் பலர் அறியாத செய்தி. இரண்டு ஆண்டுப் பணித் தொடர்ச்சி அதற்குரிய முக்கிய நிபந்தனை.

தொழில்சார் நோய் என்பது மற்றொரு கதவு. குரோமியத்தாலும் அதன் நச்சுச் சேர்மங்களாலும் உண்டாகும் நோய்கள் சட்டத்தின் அட்டவணையிலேயே இடம்பெற்றுள்ளன. பதனிடும் ஆலைத் தொழிலாளியின் கையில் ஆறாத புண், தோல் அழற்சி, வேலைக்குச் சேர்ந்த பின் தொடங்கிய ஆஸ்துமா ஆகியவை வெறும் "உடம்பு வாகு" என்று எழுதப்பட்டுவிடக் கூடாது. மருத்துவரிடம் தம் தொழில் இன்னது, எத்தனை ஆண்டுகள், எந்தப் பிரிவில் என்று சொல்லி, அதை நோயாளிச் சீட்டில் எழுதக் கேட்க வேண்டும். தொழில் என்ற இடத்தில் "கூலி" என்று மட்டும் எழுதப்பட்ட சீட்டு, பிற்காலத்தில் இழப்பீடு கோரும்போது பயன்படுவதில்லை.

ஒருவரின் பெயர் பதிவாகியிருக்கிறதா என்பதை அறிய பத்து இலக்க இ.எஸ்.ஐ. எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். ஊதியத்தில் பணம் பிடிக்கப்பட்டும் எண் தரப்படவில்லையென்றால் 1800-11-2526 என்னும் கட்டணமில்லா எண்ணில் முறையிடலாம். ஆம்பூர், இராணிப்பேட்டை போன்ற ஊர்களில் இ.எஸ்.ஐ. மருந்தகங்களும், வேலூரில் இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் உள்ளன.

வீட்டுக்குள் நடக்கும் ஆலை

ஆம்பூரைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் ஷூவின் மேற்பகுதியை வீட்டில் வைத்துத் தைக்கும் பெண்கள் ஏராளம். தொழிலில் அதை "அப்பர்" என்பார்கள். இடைத்தரகர் மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. நூலால் விரல்கள் வெட்டுப்படும். கழுத்தும் முதுகும் வலிக்கும். மங்கிய வெளிச்சத்தில் பார்வை தேயும். நிறுவனத்தின் பதிவேட்டில் அவர்கள் பெயர் இல்லாததால் இ.எஸ்.ஐ. இல்லை.

இதே வட்டாரத்தில் குடியாத்தம், பேர்ணாம்பட்டுப் பகுதிகளில் பீடி சுற்றும் பெண்களின் வரலாறு இங்கு வழிகாட்டுகிறது. வீட்டில் அமர்ந்து பீடி சுற்றுபவர்களும் தொழிலாளர்களே, அவர்களுக்கும் வருங்கால வைப்பு நிதி உண்டு என்று 1985-இல் பி.எம். படேல் நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலை செய்யும் இடம் வீடாக இருப்பதால் வேலை கொடுப்பவரின் பொறுப்பு மறைந்துவிடாது என்பதே அதன் சாரம். அப்பர் தைக்கும் பெண்களுக்காக வாதாட விரும்பும் சட்ட மாணவர்கள் தொடங்க வேண்டிய இடம் அது.

அதுவரை செய்யக்கூடியது, நல வாரியப் பதிவு. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான 1982-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின் கீழ், காலணி, தோல் பொருள் உற்பத்தி, தோல் பதனிடும் தொழிலாளர்களுக்கெனத் தனி நல வாரியம் இருக்கிறது. 18 முதல் 60 வயது வரை உள்ளோர் தொழிலாளர் துறை அலுவலகம் வழியாகப் பதிவு செய்யலாம். பிள்ளைகளின் கல்வி உதவி, மகப்பேறு உதவி, விபத்து மற்றும் மரண உதவி, ஓய்வூதியம் ஆகியவை இதில் உண்டு. இது மருத்துவக் காப்பீடு அன்று. ஆயினும் அம்மா ஒரு தொழிலாளி என்று அரசு எழுதித் தரும் முதல் தாள் அதுவாக இருக்கும்.

காப்பீட்டு அட்டையும் அரசு மருத்துவமனையும்

வருமான வரம்புக்குள் வரும் குடும்பங்கள் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையை நோய் வரும் முன்பே எடுத்துவைக்க வேண்டும். குடும்ப அட்டை, உறுப்பினர்களின் ஆதார், வருவாய்த் துறையின் வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மையத்தை அணுக வேண்டும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். ஐயங்களுக்கு 1800 425 3993. இத்திட்டம் பெரும்பாலும் அறுவை சிகிச்சைகளுக்கும் உள்நோயாளிச் சிகிச்சைக்குமானது. மாதந்தோறும் மாத்திரை வாங்குவதற்கு அன்று. மனநலச் சிகிச்சையில் பெரும் பகுதி புறநோயாளிச் சிகிச்சை என்பதால் இந்த வேறுபாடு முக்கியமானது.

அந்தச் செலவைத் தாங்குவது அரசு மருத்துவமனை. அடுக்கம்பாறையிலுள்ள அரசு வேலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், தாலுகா மற்றும் தலைமை மருத்துவமனைகளிலும் ஆலோசனையும் மருந்தும் இலவசம். 1994-இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து அரசு மருத்துவமனைகளுக்கு வழங்குவதால்தான் இது இயலுகிறது. இரத்த அழுத்தம், நீரிழிவு உள்ள பெற்றோருக்கு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரைகள் வீட்டுக்கே வரும். பெயரைச் சேர்க்க அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம்.

வேலூர் என்றதும் 1900-இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியே பலர் நினைவுக்கு வரும். நாடெங்குமிருந்து நோயாளிகள் வரும் அம்மருத்துவமனையின் பெரிய கட்டடத்தைப் பார்த்து, உள்ளூர் ஏழைகள் செலவுக்கு அஞ்சி ஒதுங்குவதுண்டு. அவர்கள் அறிய வேண்டியது, அதே நிறுவனத்தின் குறைந்த செலவுப் பிரிவுகள். நகர ஏழைகளுக்காக வேலூரில் இயங்கும் குறைந்த செலவுச் சிகிச்சைப் பிரிவு, பாகாயத்தில் சமுதாய நலத் துறையின் மருத்துவமனை, கே.வி.குப்பம் ஒன்றியத்துக்காகக் கவனூரில் 1977 முதல் இயங்கும் ருசா மையம் ஆகியவை அவை. எந்தப் பகுதி மக்களை ஏற்கிறார்கள், எந்த அட்டை செல்லும் என்பதைச் சேர்க்கைக்கு முன்பே கேட்டறிய வேண்டும். கட்டணச் சலுகை தேவைப்பட்டால் மருத்துவமனையின் சமூகப் பணியாளரைச் சந்திக்க வேண்டும்.

மனநலம்: தள்ளிப்போட முடியாத செய்தி

வேலூரை அடுத்த கணியம்பாடி ஒன்றியத்தில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் ஒவ்வொரு மரணத்தையும் வீடு வீடாக விசாரித்துப் பதிவு செய்தார்கள். 2004-இல் லான்செட் இதழில் வெளியான அவர்களது ஆய்வு, 1992 முதல் 2001 வரையிலான பத்தாண்டுகளில் 10 முதல் 19 வயதுக்குட்பட்டோரிடையே தற்கொலை விகிதம் பெண்களில் ஆண்டுக்கு லட்சத்துக்கு 148 என்றும் ஆண்களில் 58 என்றும் காட்டியது. அவ்வயதுப் பெண்களின் மரணங்களில் பாதிக்கு மேல் தற்கொலை. அவை பழைய எண்கள். இன்றைய நிலையாக அவற்றைக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் இளம்பெண்களின் துயரம் நம் ஊர்களில் எவ்வளவு காலம் யாரும் எண்ணாமல் புதைக்கப்பட்டது என்பதை அவை உணர்த்துகின்றன.

உறக்கமின்மை, பசியின்மை, படிப்பில் மனம் ஒன்றாமை, யாரிடமும் பேசப் பிடிக்காமை, வாழ்வதில் பொருளில்லை என்னும் எண்ணம் ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் உதவி தேட வேண்டும். தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். அன்றே ஒருவரிடம் சொல்ல வேண்டும்.

முதல் அழைப்புக்கு 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவை இது. தமிழ்நாட்டில் "நட்புடன் உங்களோடு" என்னும் பெயரில் இயங்குகிறது. எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. மாநில அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை உண்டு. சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா தன்னார்வ அமைப்பின் எண் 044-24640050. வயது வராதோருக்கு 1098, வன்முறைக்கு உள்ளாகும் பெண்களுக்கு 181.

நேரில் மருத்துவரைப் பார்க்க, அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உள்ளது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் அரசு மருத்துவமனைகளுக்குக் குறித்த நாட்களில் வருவார்; எந்த நாள் என்பதைப் புறநோயாளிச் சீட்டு தருமிடத்தில் கேட்கலாம். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் பாகாயத்தில் இயங்குகிறது. நோயாளியுடன் குடும்பத்தினரும் தங்கிச் சிகிச்சையில் பங்கேற்கும் முறையை இந்தியாவில் முன்னெடுத்த இடங்களுள் அதுவும் ஒன்று.

இரண்டு அச்சங்கள் குடும்பங்களைத் தடுக்கின்றன. ஒன்று, ஊர்ப் பேச்சு. சென்னையில் 1794-இல் தொடங்கிய மனநல மருத்துவமனை அமைந்த கீழ்ப்பாக்கத்தின் பெயரையே கேலிச் சொல்லாக்கிய சமூகம் இது. ஆனால் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் செய்திகளை மறைவாகக் காக்கும் கடமையை மருத்துவமனைக்கு விதிக்கிறது. கல்லூரிக்கோ உறவினருக்கோ அவர்கள் விருப்பம்போல் சொல்லிவிட முடியாது. மற்றொன்று, காவல்துறை அச்சம். தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்குவார்கள் என்று அஞ்சி, விபத்து என்று சொல்லி உடல் காயத்துக்கு மட்டும் சிகிச்சை பெற்று வீடு திரும்புகிறார்கள். மனத்துக்குச் சிகிச்சை கிடைப்பதில்லை. அச்சட்டத்தின் 115-ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இல்லை. மருத்துவரிடம் உண்மையைச் சொல்லலாம்.

சாதியின் காயத்துக்கு யார் மருத்துவர்?

தோல் வேலை செய்பவரின் பிள்ளை என்று அறிந்ததும் விடுதி அறையில் மூக்கைப் பொத்திக் காட்டுகிறார்கள். உதவித்தொகைப் பட்டியலை வகுப்பறையில் உரக்கப் படிக்கிறார்கள். "ஒதுக்கீட்டில் வந்தவர்" என்று ஆசிரியரே சொல்கிறார். இவற்றால் வாடும் மாணவருக்கு மூச்சுப் பயிற்சியும் மாத்திரையும் மட்டும் போதுமா? 2016 ஜனவரி 17 அன்று ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலாவை இழந்தபோது நாடெங்கும் எழுந்த கேள்வி இது. அவர் மரணத்தை நிறுவனத்தின் செயலிலிருந்து பிரித்துத் தனிமனிதச் சோர்வாகச் சுருக்க முயன்றதை நாம் மறக்கவில்லை.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. சாதியே காரணம் என்று அறிந்த செயற்பாட்டாளர்கள் சிலர், மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறுவதைப் போராட்டத்தில் பின்வாங்குவதாக எண்ணுகிறார்கள். காயத்தை உண்டாக்கியவர் மீது வழக்குத் தொடுத்துக்கொண்டே காயத்துக்கு மருந்தும் இடுகிறோம். மனக் காயத்துக்கும் அதுவே முறை. புகார் மனுவும் மருத்துவச் சீட்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல.

சட்டமும் இரண்டுக்கும் இடம் தருகிறது. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, சாதி உள்ளிட்ட எந்தப் பாகுபாடுமின்றி மனநலச் சிகிச்சை பெறும் உரிமையை அளிக்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோருக்கு அரசு நிறுவனங்களில் அது இலவசம் என்கிறது. 3-ஆம் பிரிவு, ஒருவரது அரசியல், பொருளாதார, சமூக நிலையைக் கொண்டு அவரை மனநோயாளி என முடிவுசெய்யக் கூடாது என்கிறது. சாதி இழிவை எதிர்த்துப் பேசும் மாணவியை "மனநிலை சரியில்லாதவள்" என்று ஒதுக்கும் நிர்வாகத்துக்கு எதிராக இதை மேற்கோள் காட்டலாம்.

கல்லூரிகளைப் பொறுத்தவரை 2025 முக்கியமான ஆண்டு. டெல்லி ஐ.ஐ.டி.யில் உயிரிழந்த இரண்டு மாணவர்களின் குடும்பங்கள் சாதிப் பாகுபாட்டைச் சுட்டிக்காட்டித் தொடுத்த வழக்கில், மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் முன்னாள் நீதிபதி எஸ். ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழுவை அமைத்தது. ஜூலை 25 அன்று மற்றொரு வழக்கில் 15 வழிகாட்டு நெறிகளை வகுத்தது. அதன்படி 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்களைக் கொண்ட நிறுவனம் தகுதிபெற்ற உளவியல் ஆலோசகர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையேனும் நியமிக்க வேண்டும். சிறிய நிறுவனங்கள் வெளியிலுள்ள வல்லுநர்களுடன் முறையான தொடர்பு வைத்திருக்க வேண்டும். உதவி எண்களை விடுதியிலும் வகுப்பறைகளிலும் எழுதிவைக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி உள்ளிட்ட விளிம்புநிலை மாணவர்களிடம் பாகுபாடின்றிப் பழகப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளிக்க வேண்டும். இவற்றைக் கண்காணிக்க மாவட்ட ஆட்சியர் தலைமையில் குழு அமைக்க வேண்டும். நம் வட்டாரத்தில் மூன்று ஆட்சியர்கள், மூன்று குழுக்கள். குழு அமைந்துவிட்டதா, எத்தனை கல்லூரிகளில் ஆலோசகர் இருக்கிறார் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்பது ஒரு மாணவர் அமைப்பு ஒரே நாளில் செய்யக்கூடிய வேலை.

சாதி வன்கொடுமை நடந்திருந்தால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 2015 திருத்தத்தில் சேர்ந்த 15-ஏ பிரிவு, பாதிக்கப்பட்டோருக்கு மருத்துவ உதவி, போக்குவரத்து, பாதுகாப்பு ஆகியவற்றை அரசின் கடமையாக்குகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012 விதிகள் சமவாய்ப்புப் பிரிவையும் பாகுபாடு எதிர்ப்பு அலுவலரையும் கோருகின்றன. வழக்கறிஞர் செலவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. அதற்கான எண் 15100.

மண்ணுக்கு அளவுகோல் இருந்தது

1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. இந்த வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 எக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானது என்னும் கணக்கு அத்தீர்ப்பில் பதிவாகியுள்ளது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு இன்னும் முழுமையாகச் சென்று சேராததால் 2025 ஜனவரி 30 அன்று நீதிமன்றம் மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது. பாழான நிலத்தை அளக்க எக்டேர் என்னும் அளவு இருந்தது. நிலமே இல்லாத தொழிலாளியின் நுரையீரலையும் தோலையும், அவர் பிள்ளையின் உறக்கமற்ற இரவுகளையும் அளந்து கணக்கில் ஏற்றிய ஆவணம் இல்லை. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து 10 தொழிலாளர்கள் உறக்கத்திலேயே மாண்டபோதுதான், ஆலைக்குள் உறங்கும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதே பலருக்குத் தெரியவந்தது.

எனவே ஆவணங்களை நாமே உண்டாக்க வேண்டும். வீட்டில் படித்த பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்காக ஒதுக்கலாம். அம்மா, அப்பா இருவரின் இ.எஸ்.ஐ. எண்ணும் அதில் குடும்பத்தினர் பெயரும், கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டு, இல்லையெனில் மேஸ்திரி தரும் கணக்கின் படம், காப்பீட்டு அட்டை, நல வாரியப் பதிவு, குடும்ப அட்டை, வருமானச் சான்று, சாதிச் சான்று ஆகியவற்றின் நகல், தொழில் குறிப்பிடப்பட்ட மருத்துவச் சீட்டுகள், 14416 எழுதிய ஒரு தாள். இவை அனைத்தும் ஒரே பையில் இருக்கட்டும். இல்லாத தாள் எது என்பது அந்தப் பையைத் திறந்தாலே தெரியும். அது ஏன் இல்லை, யார் தர மறுத்தார்கள் என்று தெருவில் பத்து வீடுகளில் ஒரே பதில் வந்தால் அதைச் சங்கத்திடமும் ஆட்சியரிடமும் கூட்டு மனுவாகக் கொண்டு செல்லலாம். தனியொரு தொழிலாளி சம்பளச் சீட்டு கேட்டால் மறுநாள் வேலை இருக்காது என்னும் அச்சம் உண்மையானது. பத்து வீடுகள் சேர்ந்து கேட்க வேண்டியிருப்பது அதனால்தான்.